நீலம் பாரித்த குழாய்கள்

மனிதன் ஆக்கிய பொருள்களுள் சில, தம் வரலாற்றைத் தம் மேனியிலேயே எழுதிக்கொள்ளும் இயல்புடையன. பழங்கோயிலின் படிக்கல் தேய்ந்திருக்கும் அளவு, அதில் ஏறி இறங்கிய கால்களின் கணக்கைச் சொல்லும். பாட்டி காலத்து அம்மியின் நடுவே விழுந்த பள்ளம், ஒரு குடும்பம் உண்டு வாழ்ந்த கதையை அடக்கி வைத்திருக்கும். கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் என எண்ணுவோர், இத்தகைய எழுதா எழுத்துகளைக் காணாமலே கடந்து போய்விடுவர். அவ்வெழுத்துகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அது, பழைய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் படியும் நீல நிறம்.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை உற்றுப் பார்த்தவர்கள் இதனை அறிவர். இயந்திரத்தின் முகப்பிலிருந்து வெளிப்பட்டு, வளைந்து கீழிறங்கி, பின்சக்கரம் வரை நீளும் குழாய், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும். ஆனால், இயந்திரத்தை நெருங்க நெருங்க அந்த வெள்ளொளி மாறிக்கொண்டே வரும். முதலில் வைக்கோலின் மஞ்சள் தோன்றும், அடுத்துப் பழுப்பு, பின்னர் ஊதா, இயந்திரத்தை ஒட்டிய முதல் வளைவில் மயிலின் கழுத்தையொத்த நீலம். வண்டியை உயிரெனப் பேணும் உரிமையாளருக்கு இந்நிறம் கண்ணில் விழுந்த துரும்பு. துணியும் மெருகுக் குழம்பும் எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். தேய்த்தபின் நீலம் மறையும். சில நாள் ஓடியபின் மீண்டும் வந்து நிற்கும்.

இந்த நீலம் வெறும் அழுக்கா, அன்றி எழுத்தா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பளபளப்பின் பிறப்பு

சைபீரியாவிலிருந்து வந்த செந்நிற ஈயத் தாது ஒன்றை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலார் லூயி நிக்கோலா வோக்லான், 1797ஆம் ஆண்டில் அதனுள் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் யாவும் பல வண்ணம் காட்டின. ஆகவே, நிறம் என்று பொருள்படும் ‘குரோமா’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் குரோமியம் என்னும் பெயர் அமைந்தது. மரகதத்தின் பச்சையும் மாணிக்கத்தின் சிவப்பும் இவ்வுலோகத்தின் சிறு கலப்பால் விளைவனவே. பெயரிலேயே நிறத்தைத் தாங்கிய ஓர் உலோகத்தை, நிறமே கூடாது, வெள்ளொளி மட்டுமே வேண்டும் என்று பிற்காலத்தார் குழாயின் மேல் பூசினர். அந்த உலோகமோ வெப்பம் பட்டதும் தன் பெயருக்குரிய இயல்பைக் காட்டிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள்களின் ஒளிரும் பாகங்களுக்கு நிக்கல் முலாமே பூசப்பட்டது. நிக்கல் சற்றே மஞ்சள் சாயல் கொண்ட மென்மையான ஒளி தரும். ஆனால், காற்றுப்பட்டு விரைவில் மங்கும். வாரந்தோறும் துடைக்காவிட்டால் பொலிவு போய்விடும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் முதலியோர் 1920களின் நடுப்பகுதியில் குரோமிய முலாம் பூசும் முறையைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக ஆக்கினர். 1930களில் அது பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் பெட்ரோல் தொட்டியையும் கைப்பிடியையும் புகைக்குழாயையும் அணிசெய்தது. நாள்தோறும் துடைக்கும் உழைப்பிலிருந்து உரிமையாளருக்கு விடுதலை கிடைத்ததாக விளம்பரங்கள் முழங்கிய காலம் அது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நாம் காணும் குரோமியப் படலம் மிக மிக மெல்லியது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் பாதியளவுக்கு மேற்படாதது இப்படலம். மனிதனின் தலைமயிரை நூறு மடங்குக்கும் மேலாகப் பிளந்தாலன்றி இந்த மென்மை வாராது. துருவைத் தடுத்து நிறுத்துவது அதன் அடியிலுள்ள தடித்த நிக்கல் படலமே. மேலே உள்ள குரோமியம், அந்த நிக்கல் மங்காமல் காக்கும் போர்வை. கொரியப் போரின்போது நிக்கல் தட்டுப்பாடு வந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. 1952ஆம் ஆண்டுக்குரிய பிரிட்டிஷ் வண்டிகளில் முலாம் பூசிய பாகங்கள் பல குறைக்கப்பட்டு, அவற்றின் இடத்தை வண்ணப் பூச்சு பிடித்துக்கொண்டது. தூரத்து நாட்டுப் போர் ஒன்று, இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிளின் ஒளியைப் பறித்துக்கொண்டது என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

ஒளியின் விலை

பளபளப்பைப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு பகுதியுண்டு. குரோமிய முலாம், குரோமிக் அமிலம் நிரம்பிய தொட்டியில் மின்சாரத்தைச் செலுத்திப் பூசப்படுவது. மின்சாரம் பாயும்போது தொட்டியில் வாயுக் குமிழிகள் பொங்கி எழும். அவை மேற்பரப்பில் வெடிக்கும்போது அமிலம் நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும். அருகில் நிற்கும் தொழிலாளியின் மூச்சில் அது கலக்கும். கையில் ஆறாப் புண்; மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. இவை அத்தொழிலின் அடையாளங்களாயின. குரோமியச் சேர்மங்களைக் கையாண்ட தொழிலாளருக்கு உண்டான புண்களைப் பற்றி, ஸ்காட்லாந்தின் வில்லியம் குமின் என்னும் மருத்துவர் 1827ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். முலாம் தொழில் பெருகியபின், 1931ஆம் ஆண்டில் பிரிட்டன் அதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. தொட்டியின் மேல் எழும் நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றவும், தொழிலாளரைக் காலந்தோறும் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும் அவ்விதிகள் வழிசெய்தன.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டில் இவ்வகைக் குரோமியச் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதியின்றி இவற்றைப் பயன்படுத்த இயலாத நிலை வந்தது. அழகுக்காகப் பூசப்படும் இவ்வகை முலாமை 2027ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நிறுத்துமாறு கலிபோர்னியா மாநிலம் 2023இல் விதி செய்தது. இவ்வாறு, பழைய முறையில் மீண்டும் முலாம் பூசிக்கொள்ளும் வசதி ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறது. ஒரு குழாயின் ஒளிக்குப் பின்னால் யாரோ ஒருவரின் மூச்சு இருக்கிறது என்பதை உணர்ந்தவர், கண்டபடி தேய்த்து அவ்வொளியை வீணாக்கத் துணியார்.

நிறம் தோன்றும் விதம்

இனி, நீலம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் காண்போம். கொல்லனின் உலைக்களத்தில் இதற்கு விடை உண்டு. அரிவாளையோ உளியையோ காய்ச்சி நீரில் தோய்த்தெடுத்த கொல்லன், அதனை மீண்டும் மெல்லச் சூடாக்கும்போது அதன் மேனியில் ஓடும் நிறத்தையே உற்று நோக்குவான். எஃகு ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும். 300 பாகையை எட்டும்போது நீலமாகும். எந்த நிறத்தில் நிறுத்தினால் எந்தக் கருவிக்கு ஏற்ற பதம் அமையும் என்பது அவன் கைவந்த கலை. வெப்பமானி தோன்றுவதற்கு முன்பே நிறத்தால் வெப்பத்தை அளந்தவன் அவன்.

இந்நிறங்களைத் தம் நூலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், ஆண்டு 1665. சூடேறிய உலோகத்தின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து, கண்ணாடிபோன்ற மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அப்படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து, சில மிகுந்து தோன்றும். சவர்க்கார நுரையிலும், மழைநீரில் மிதக்கும் எண்ணெயிலும் நாம் காணும் வண்ணமும் இவ்வகையினதே. படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள் ஊதாவாகி, ஊதா நீலமாகும். முலாம் பூசிய குழாயில் இந்நிறங்கள் தோன்ற, வெற்று எஃகைக் காட்டிலும் மிகுந்த வெப்பம் வேண்டும்; ஆயினும் நிகழ்வது ஒன்றே. ஆகவே, குழாயின் நீலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய கறையன்று. குழாய் எவ்வளவு காய்ந்தது என்பதற்கு அதன் மேனியே வரைந்து வைத்த கணக்கு.

பொன்வில்: இரு குழாய்களின் சாட்சியம்

இக்கணக்கைப் படிப்பதற்கு மிகப் பொருத்தமான வண்டி, டிரையம்ப் நிறுவனத்தின் பொன்வில் ஆகும். கவன்ட்ரி நகரிலிருந்த அந்நிறுவனத்தின் தொழிற்சாலை 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. அருகிலுள்ள மெரிடன் சிற்றூரில் 1942ஆம் ஆண்டில் புதிய தொழிற்சாலை எழுந்தது. போர் முடிந்தபின் அமெரிக்கச் சந்தையே பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளுக்குப் பெருவாழ்வு தந்தது. 1956இல் டிரையம்ப் இயந்திரம் பூட்டிய ஒரு நெடுவண்டியை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பொன்வில் உப்புவெளியில் ஜானி ஆலன் மணிக்கு 214 மைல் வேகத்தில் செலுத்தினார். அவ்வெளியின் பெயரே 1959ஆம் ஆண்டுக்கான புதிய வண்டிக்கு இடப்பட்டது.

பொன்வில்லின் இயந்திரம் 649 கன சென்டிமீட்டர் அளவினது. இரு சிலிண்டர்களும், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கார்புரேட்டரும் உடையது. வலப்புறம் ஒரு குழாய், இடப்புறம் ஒரு குழாய். ஓர் இயந்திரத்துக்குள் இரட்டையர் வாழ்வது போன்ற அமைப்பு இது. இரட்டையருள் ஒருவர் நோயுற்றால், அவர் பக்கத்துக் குழாய் மட்டும் நீலம் பாரிக்கும். வேறெந்தக் கருவியும் இல்லாமலே, எந்தப் பக்கத்தில் கோளாறு என்பதை வழிப்போக்கரும் சொல்லிவிடலாம்.

கோளாறுகள் யாவை? முதலாவது, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை. இது மெல்ல எரியும். புகைபோகும் வால்வு திறந்த பின்னும் எரிந்துகொண்டிருக்கும். இரண்டாவது, தீப்பொறி உரிய நொடிக்குப் பிந்தி விழுதல். இதன் விளைவும் அதுவே: சிலிண்டருக்குள் வேலை செய்ய வேண்டிய நெருப்பு, வேலையை முடிக்காமல் குழாய்க்குள் பாய்ந்துவிடுகிறது. சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய வெப்பம் குழாயைச் சுடுகிறது. வீணான பெட்ரோலின் கதையைத்தான் நீலம் எழுதிக் காட்டுகிறது.

பொன்வில்லின் வரலாறே இக்கோளாறுகளோடு பின்னிக் கிடக்கிறது. 1963ஆம் ஆண்டு வண்டியில் இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்தன. காந்தப் பொறிக்கு மாறாக, இரு சிலிண்டர்களுக்கும் இரு பாயிண்டுகள் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. ஒன்றன் நேரத்தைச் சரிசெய்தால் மற்றொன்றின் நேரம் சற்றே பிசகும். ஒரு கண்ணுக்கு மை தீட்டும்போது மறுகண்ணின் மை கலைவது போன்ற சங்கடம் அது. 1968ஆம் ஆண்டு வண்டியில்தான் இரண்டையும் தனித்தனியே திருத்தும் புதிய தட்டு வந்தது. அதே காலத்தில் வந்த அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரின் அடித்தளம், அளவுக்கு மீறி முறுக்கினால் வளைந்துவிடும். அந்த இடுக்கின் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகும். இறுக்கினால் நன்மை என்று எண்ணி முறுக்கிய கையே, கலவையை மெலியச் செய்து குழாயை நீலமாக்கிவிடும்.

மறைக்கும் வழிகள்

விற்பனைக் கூடத்தில் ஒளிர்ந்த குழாய் சில வாரங்களில் நிறம் மாறினால் வாங்கியவர் முகம் சுளிப்பது இயற்கை. உற்பத்தியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். குழாய்க்குள் குழாய் வைத்தனர். உட்குழாய் நெருப்பைத் தாங்கும். நடுவே உள்ள வெளி, வெப்பத்தைத் தடுக்கும். வெளிக்குழாய் வெள்ளையாகவே நிற்கும். ஜப்பானிய நிறுவனங்கள் இம்முறையைப் பரவலாகக் கையாண்டன. வாங்குவோர் மகிழ்ந்தனர். ஆனால், இயந்திரம் தன் உடல்நிலையைச் சொல்லிக்கொண்டிருந்த வாயும் அத்துடன் அடைபட்டது என்பதை மறுக்க இயலாது.

மெரிடனின் முடிவு வேறு வகையில் வந்தது. ஆலையை மூடும் முடிவை எதிர்த்து 1973 செப்டம்பரில் தொழிலாளர்கள் வாயிலை மறித்தனர். 1975இல் தம் கூட்டுறவின் மூலம் உற்பத்தியைத் தாமே ஏற்றனர். 1983இல் அதுவும் முடிவுற்றது. வேறொரு முதலீட்டாளர் பெயரை வாங்கி, ஹிங்க்லி நகரில் புதிய டிரையம்பை வளர்த்தார். ஆயினும் மெரிடனின் கைகள் பொருத்திய குழாய்கள் இனிப் பிறக்கப் போவதில்லை. இருப்பதைக் காப்பதே எஞ்சிய கடமை.

திருவொற்றியூரின் பங்கு

இவ்வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் இடமுண்டு. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், இந்திய இராணுவத்தின் தேவையை ஒட்டிச் சென்னைக்கு வந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் 1955இல் ஏற்பட்ட கூட்டினால் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரின் உலை அணையவில்லை. தாய்நாட்டில் மறைந்த வண்டி, 1977இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று.

புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டரும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளுவதற்கென அதனுள் சிறு எடைகளும் விற்சுருளும் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. அது எண்ணெயின்றி இறுகிவிட்டால் தீப்பொறி பிந்தியே விழும். வண்டி இழுவை குன்றும். முதல் வளைவு நீலமாகும். பட்டறையில் அனுபவம் மிக்க கைவினைஞர், உரிமையாளர் வாய் திறக்கும் முன்பே குழாயைப் பார்த்துவிட்டுப் பாயிண்டு மூடியைக் கழற்றுவார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியருக்கும் அவருக்கும் வேறுபாடு அதிகமில்லை.

பேணும் முறை

எனவே, பேணுதலின் முதற்படி துடைத்தலன்று, படித்தல். ஒற்றைச் சுவர்க் குழாயின் முதல் வளைவில் இளமஞ்சள் படிவது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கருநீலம் விரைந்து படர்ந்தால், கார்புரேட்டர் பொருந்தும் இடத்தில் காற்றுக் கசிவு உண்டா, ஜெட்டின் துளை அடைபட்டதா, தீப்பொறியின் நேரம் சரியா, குழாய் சேரும் மூட்டு இறுக்கமாக உள்ளதா என வரிசையாகச் சோதித்தல் வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டியின் இயந்திரத்தை நெடுநேரம் இயக்குவதும் தவறு. எதிர்க்காற்று இல்லாத குழாய் சில நிமிடங்களில் நீலமாகிவிடும். காரணத்தை நீக்காமல் மெருகிடுவது புண்ணுக்குப் புனுகு பூசுவது போலாகும்.

காலம் மாறும்போது எழுத்தின் பொருளும் மாறும் என்பதையும் அறிய வேண்டும். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் குழாயின் கடைவாயில் படியும் வெளிர்சாம்பல் நிறம் நலத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை 1999ஆம் ஆண்டின் இறுதியுடன் நின்றது. அதன்பின் கடைவாயில் கருமை படிவதே வழக்கமாயிற்று. பழைய கையேட்டைப் படித்து அஞ்சுதல் தேவையற்றது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பொது எரிபொருளாயிற்று. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜனே. ஆகவே, பழைய ஜெட்டையே வைத்திருப்பவரின் கலவை, அவர் எதையும் தொடாமலே மெலிந்துவிடுகிறது. நேற்றுவரை வெண்மையாயிருந்த குழாய் இன்று நீலமாவதற்கு இதுவும் ஒரு காரணம். சற்றே பெரிய ஜெட் ஒன்று அதற்குரிய மருந்து.

காரணம் நீங்கியபின் மெருகிடலாம். நுண்ணிய மெருகுக் குழம்பும் மென்துணியும் போதும். இரும்புப் பஞ்சும் சொரசொரப்பான பொடியும் அம்மெல்லிய படலத்தைத் தின்றுவிடும். குழாயில் கைரேகையோ எண்ணெயோ பட்டிருந்தால் இயந்திரத்தை இயக்கும் முன்பே துடைத்துவிடுதல் நன்று. சூடேறினால் அவை முலாமோடு வெந்து ஒட்டிக்கொள்ளும்.

வெளியை மட்டும் பேணி உள்ளை மறப்பதும் பேதைமை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. சிறிது தூரம் ஓடி நிறுத்தப்படும் வண்டியில் அந்நீர் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும். ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அது உலரவும் நாளாகும். வெளியே கண்ணாடிபோல் மின்னும் சைலன்சர், உள்ளிருந்து துருவேறி ஒருநாள் ஓட்டை விழும். குழாய் முழுதும் நன்றாகச் சூடேறும் அளவுக்கு வாரம் ஒருமுறையேனும் ஓட்டுவதே இதற்கு மாற்று. கண்காட்சிப் பொருளாகப் பூட்டி வைக்கப்பட்ட வண்டியைவிட, ஓடி உழைத்துச் சற்றே நிறம் மாறிய வண்டி நெடுநாள் வாழும்.

நிக்கலின் மங்கலை மறைக்கக் குரோமியம் வந்தது. குரோமியத்தின் நீலத்தை மறைக்க இரட்டைக் குழாய் வந்தது. மறைப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. படிப்பதற்கோ என்றும் ஒரே வழிதான்: பொறுமையாக நின்று பார்த்தல். பழம்பொருளைப் பேணுவோர் முதலில் அதன் குரலைக் கேட்கப் பழகட்டும். குறையைத் திருத்திய பின் துணியைக் கையில் எடுக்கட்டும். அவ்வாறு செய்த பின்னும் முதல் வளைவில் சிறிது பொன்னிறம் எஞ்சியிருக்குமானால், அதனை அப்படியே விட்டுவிடுதல் நன்று. அது ஓடிய வண்டி என்பதற்கு, அதைவிட நேர்மையான சான்று வேறில்லை.